லாபம் கூடியிருக்கிறது, பணம் எங்கே போனது?

கேள்வி இது: ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் இருக்கிறது. தொழிலை ஓட்ட அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மூலதனம் தேவைப்படுகிறது, அதை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்று அதிலுள்ள கணக்குகளை வைத்து எப்படிச் சொல்வது? கூடவே ஒரு துணைக்கேள்வி: நடப்பு விகிதம் 2 இருந்தால் நல்லது என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, அது போதாதா?

துணைக்கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது. பல சமயம் அது நேர்மாறாகவே காட்டும். நடப்பு விகிதம், அதாவது நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுத்து வருவது, கடன் கொடுத்தவருக்கான அளவுகோல். ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க, ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடியவை போதுமா என்று அது பார்க்கிறது. சரக்கு விற்காமல் தேங்கினாலும், விற்றதற்குப் பணம் வசூலாகாமல் நின்றாலும் நடப்புச் சொத்துகள் கூடும், விகிதமும் ஏறும். நிலைமை மோசமாக மோசமாக எண் அழகாகிக்கொண்டே போகும்.

அதோடு, அந்த எண்ணை ஒரே நாளில் மாற்றிவிடலாம். நடப்புச் சொத்துகள் 200, நடப்புப் பொறுப்புகள் 100 என்றால் விகிதம் 2. ஆண்டுக் கடைசி நாளில் கையிருப்பு ரொக்கத்தில் இருந்து 50 எடுத்து சப்ளையர் பாக்கியை அடைத்தால் 150-க்கு 50, அதாவது 3. தொழிலில் ஒன்றுமே மாறவில்லை. சரக்கு அதே சரக்கு, வாடிக்கையாளர் பாக்கி அதே பாக்கி. எண் மட்டும் 2-இல் இருந்து 3 ஆகிவிட்டது. இப்படி ஆடக்கூடிய எண்ணை நம்பி ஒரு நிறுவனத்தின் திறமையை எடைபோட முடியாது.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? முதல் வேலை, பேலன்ஸ் ஷீட்டை வேறு மாதிரி அடுக்குவது. அச்சிட்டு வருகிற வடிவம் ‘ஒரு வருடத்துக்குள், ஒரு வருடத்துக்குப் பிறகு’ என்று பிரிக்கிறது. நமக்கு வேண்டியது வேறு பிரிப்பு: எது தொழில், எது நிதி ஏற்பாடு? சரக்கிருப்பு, வாடிக்கையாளர் தர வேண்டியது, சப்ளையருக்குக் கொடுத்த முன்பணம், இயந்திரம், கட்டடம் எல்லாம் தொழில். சப்ளையருக்குத் தர வேண்டியது, சம்பள பாக்கி, வாடிக்கையாளர் கொடுத்து வைத்த முன்பணம், செலுத்த வேண்டிய வரி ஆகியவையும் தொழில்தான். தொழிலை ஓட்டும்போது தாமாகவே வந்து சேரும், வட்டி கேட்காத கடன்கள் அவை. வங்கிக் கடன், கடன் பத்திரம், மேல்வரைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) ஆகியவை நிதி. அன்றாடத் தேவைக்கு மேல் கிடக்கும் ரொக்கமும் குறுகிய கால முதலீடுகளும் நிதிப் பக்கம்தான். கடனிலிருந்து அவற்றைக் கழித்தால் நிகரக் கடன் வரும்.

தொழில் சார்ந்த நடப்புச் சொத்துகளில் இருந்து தொழில் சார்ந்த நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் கிடைப்பது நடைமுறை மூலதனம். அதோடு நிலைச் சொத்துகளைக் கூட்டினால் இயக்க மூலதனம். இந்தத் தொகை, மறுபக்கத்தில் நிகரக் கடனும் பங்குதாரர் நிதியும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒன்றைத் தவறான பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதே இல்லை.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். இயந்திர பாகங்கள் செய்கிறது. எண்கள் எல்லாம் கோடியில். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சென்ற ஆண்டு, வலப்பக்கம் இந்த ஆண்டு.

விற்பனை: 1,000 → 1,200
விற்ற சரக்கின் அடக்கவிலை: 700 → 840
மற்ற இயக்கச் செலவுகள், தேய்மானம் உட்பட: 180 → 216
வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம்: 120 → 144

சரக்கிருப்பு: 140 → 210
வாடிக்கையாளர் பாக்கி: 150 → 240
முன்பணம் முதலியவை: 20 → 24
நிலைச் சொத்துகள்: 400 → 420
ரொக்கமும் குறுகிய கால முதலீடும்: 100 → 30

சப்ளையர் பாக்கி: 105 → 115
சம்பளம், வரி முதலிய பாக்கிகள்: 35 → 40
குறுகிய காலக் கடன்: 80 → 70
நீண்ட காலக் கடன்: 150 → 220
பங்குதாரர் நிதி: 440 → 479

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஆண்டு. விற்பனை 20 சதவீதம் ஏறியிருக்கிறது. லாபமும் அதே அளவு ஏறியிருக்கிறது. லாப வீதம் 12 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது. நடப்பு விகிதத்தைப் போட்டால் 410-க்கு 220, அதாவது 1.86 ஆக இருந்தது, இப்போது 504-க்கு 225, அதாவது 2.24. பாடப்புத்தக எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போது மாற்றி அடுக்குங்கள். நடைமுறை மூலதனம் சென்ற ஆண்டு 140 + 150 + 20 − 105 − 35 = 170. இந்த ஆண்டு 210 + 240 + 24 − 115 − 40 = 319. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இயக்க மூலதனம் 570-இல் இருந்து 739 ஆகியிருக்கிறது. சரிபார்ப்பு: நிகரக் கடன் 130, பங்குதாரர் நிதி 440, கூட்டினால் 570. இந்த ஆண்டு 260-ம் 479-ம் சேர்ந்து 739. பொருந்துகிறது. நிகரக் கடன் ஒரே ஆண்டில் இரட்டிப்பானது இங்கேதான் கண்ணில் படுகிறது.

அடுத்த கேள்வி, நடைமுறை மூலதனம் கூடியதில் எவ்வளவு நியாயம்? விற்பனை 20 சதவீதம் ஏறினால் சரக்கும் பாக்கியும் 20 சதவீதம் ஏறுவது இயல்பு. 170-இல் 20 சதவீதம் 34. ஆனால் கூடியது 149. மீதி 115 எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் நாட்களாக மாற்ற வேண்டும்.

சரக்கிருப்பை அடக்கவிலையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் சரக்கு எத்தனை நாள் கிடக்கிறது என்று வரும். வாடிக்கையாளர் பாக்கியை விற்பனையால் வகுக்க வேண்டும். சப்ளையர் பாக்கியை மறுபடி அடக்கவிலையால். சரக்கும் சப்ளையர் பாக்கியும் அடக்கவிலையில் பதிவாகின்றன, வாடிக்கையாளர் பாக்கி விற்பனை விலையில் பதிவாகிறது. அதனால்தான் வகுக்கும் எண்ணும் மாறுகிறது. எல்லாவற்றையும் விற்பனையால் வகுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் லாப வீதம் வேறுபடும் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடியாமல் போகும்.

நம் நிறுவனத்தில் சரக்கு 73 நாளில் இருந்து 91 நாளாகியிருக்கிறது. வசூல் 55-இல் இருந்து 73. சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் காலம் 55-இல் இருந்து 50 ஆகக் குறைந்திருக்கிறது. சரக்கு நாட்களோடு வசூல் நாட்களைக் கூட்டி, சப்ளையர் நாட்களைக் கழித்தால் ரொக்கச் சுழற்சிக் காலம் கிடைக்கும்: சென்ற ஆண்டு 73, இந்த ஆண்டு 114. தொழிலுக்குள் போட்ட பணம் திரும்பி வர 41 நாள் கூடுதலாகிறது.

இதைத் திரும்பத் தொகையாக மாற்றுங்கள். பழைய நாட்களே நீடித்திருந்தால் சரக்கு 168 இருந்திருக்கும். இருப்பது 210, மிகை 42. வாடிக்கையாளர் பாக்கி 180 இருந்திருக்கும். இருப்பது 240, மிகை 60. சப்ளையர் பாக்கி 126 இருந்திருக்கும்; இருப்பது 115, அங்கே 11 கைவிட்டுப் போயிருக்கிறது. சம்பளம், வரி பாக்கியில் 2. கூட்டினால் 115. வளர்ச்சிக்காகக் கட்ட வேண்டியிருந்தது 34, வேகம் குறைந்ததற்காகக் கட்டியது 115. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ‘வளர்ச்சிக்கு மூலதனம் தேவைப்பட்டது’ என்ற நிர்வாகத்தின் வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வளர்ச்சி என்பது பாதி உண்மையாக இருப்பதால்தான் அது நல்ல மறைப்பாகிறது.

ரொக்க ஓட்டம் இதையே இன்னும் கடுமையாகச் சொல்லும். வட்டி 20, வரி 25 சதவீதம் என்று வைத்தால் நிகர லாபம் 93. பணம் வெளியே போகாத செலவான தேய்மானம் 40-ஐக் கூட்டி, நடைமுறை மூலதனத்தில் ஏறிய 149-ஐக் கழித்தால் செயல்பாட்டில் இருந்து வந்த ரொக்கம் −16. லாபம் 93 என்று அறிவித்த நிறுவனம், தொழிலில் இருந்து ஒரு பைசாவும் எடுக்கவில்லை. இயந்திரங்களுக்குச் செலவழித்த 60-ஐயும் பங்குதாரருக்குக் கொடுத்த 54-ஐயும் கடன் வாங்கியும் கையிருப்பைக் கரைத்தும் கொடுத்திருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 130. நிகரக் கடன் ஏறியதும் அதே 130.

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. டபிள்யூ. டி. கிராண்ட் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை நடத்தியது. 1975 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கோரியது. அதற்கு ஓரிரு ஆண்டு முன்பு வரை அது லாபம் காட்டி, ஈவுத்தொகையும் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம்தான். லார்கே, ஸ்டிக்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் அதன் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, செயல்பாட்டு ரொக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வறண்டுபோயிருந்தது தெரிந்தது. கடன் கொடுத்து விற்ற பாக்கியிலும் சரக்கிலும் பணம் போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் ரொக்க ஓட்ட அறிக்கை கட்டாயம் இல்லை. இப்போது அச்சிட்டே தருகிறார்கள், ஆனாலும் பலர் லாப நட்டக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

திறமையை ஒரே எண்ணில் பார்க்க வேண்டுமென்றால் மூலதனத்தின் மீதான வருவாயைப் போடலாம். இயக்க லாபத்தில், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தில், 25 சதவீத வரியைக் கழித்தால் சென்ற ஆண்டு 90, இந்த ஆண்டு 108. 90-ஐ 570-ஆல் வகுத்தால் 15.8 சதவீதம். 108-ஐ 739-ஆல் வகுத்தால் 14.6 சதவீதம். இதை இரண்டாக உடைக்கும் வழியை டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த டொனால்ட்சன் பிரௌன் 1910-களில் கொண்டுவந்தார்: லாப வீதம் பெருக்கல் மூலதனச் சுழற்சி. நம் நிறுவனத்தில் வரிக்குப் பிந்தைய லாப வீதம் இரண்டு ஆண்டும் 9 சதவீதம். சுழற்சி 1.75-இல் இருந்து 1.62 ஆகக் குறைந்திருக்கிறது. ஆக, சரிவு முழுவதும் சுழற்சியில். விலையிலோ செலவிலோ குறை இல்லை, வேகத்தில் குறை.

15.8-ல் இருந்து 14.6 என்பது சின்னச் சரிவாகத் தெரியும். அதனால் நான் எப்போதும் இன்னொரு கணக்கும் போடுவேன்: புதிதாகப் போட்ட பணம் மட்டும் எவ்வளவு சம்பாதித்தது? கூடுதல் மூலதனம் 169, கூடுதல் லாபம் 18. அதாவது 10.7 சதவீதம். பழைய பணம் சம்பாதிப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே ஆண்டை வைத்து இதை அழுத்திச் சொல்லக் கூடாது, புது இயந்திரம் ஓடத் தொடங்க நாள் எடுக்கும். மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தும் இதே போக்கு என்றால் அது சரியான எச்சரிக்கை.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஆண்டு முடிவில் இருக்கும் தொகையால் வகுப்பதா, சராசரியாலா? ஆண்டு முழுவதும் சம்பாதித்த லாபத்துக்குச் சராசரி மூலதனம்தான் முறையானது. ஆனால் மூலதனம் வேகமாக ஏறும் ஆண்டில் சராசரி அந்த ஏற்றத்தைப் பாதி மறைத்துவிடும். நம் கணக்கில் சராசரி 654.5, அதால் வகுத்தால் 16.5 சதவீதம், சரிவே இல்லாத மாதிரி தெரியும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் விலகினால் அந்த விலகலே ஒரு தகவல்.

இதுவரை வந்தது கணக்கு. இனி வருவது தீர்ப்பு, கஷ்டமானதும் அதுதான். நாட்கள் கூடியதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பாக்கியை எடுத்துக்கொள்வோம். 73 நாள் என்றவுடன் வசூல் மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். காலாண்டு விற்பனையைப் பாருங்கள். 1,200-ம் காலாண்டுக்கு 300 வீதம் சமமாக வந்திருந்தால் 73 நாள் சரி. ஆனால் கடைசிக் காலாண்டில் மட்டும் 400 விற்றிருந்தால், 240 பாக்கி என்பது அந்தக் காலாண்டின் விற்பனையில் ஐந்தில் மூன்று பங்கு, கிட்டத்தட்ட 55 நாள்தான். அப்படியானால் வசூல் வேகம் குறையவே இல்லை, விற்பனை ஆண்டின் கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. அது நகர்ந்தது ஏன்? உண்மையான தேவையா, அல்லது ஆண்டு முடிவுக்கு முன் விநியோகஸ்தர் தலையில் சரக்கைக் கட்டிவிட்டதா?

அமெரிக்காவின் சன்பீம் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வீட்டு உபயோகப் பொருட்கள் செய்த நிறுவனம். வெயில் காலத்தில் விற்க வேண்டிய இறைச்சி சுடும் அடுப்புகளைப் பல மாதம் முன்பே, தள்ளுபடியும் நீண்ட தவணையும் கொடுத்து விற்றதாக எழுதியது. சில விற்பனைகளில் சரக்கு கிடங்கை விட்டே நகரவில்லை. 1997-இல் அது அறிவித்த 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி டாலர் மோசடியில் வந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2001-இல் குற்றம் சாட்டியது. லாப நட்டக் கணக்கு பளபளத்த அந்த நேரத்தில் வாடிக்கையாளர் பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. விற்பனையை எழுதிக்கொள்ளலாம், வசூலை எழுதிக்கொள்ள முடியாது. பாக்கி நாட்களை நான் இவ்வளவு மதிப்பது அதனால்தான்.

பாக்கியில் இன்னொரு நுணுக்கம். பல நாடுகளில் பாக்கித் தொகையில் விற்பனை வரியும் சேர்ந்திருக்கும், லாப நட்டக் கணக்கின் விற்பனையில் அது இருக்காது. வரி 20 சதவீதம் என்றால், 150 பாக்கியில் உண்மையான விற்பனை 125தான்; 55 நாள் என்பது 46 நாளாகிவிடும். அதே நிறுவனத்தைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடும்போது இது தொந்தரவு செய்யாது. ‘இவர்கள் 45 நாள் தவணைதான் கொடுக்கிறார்கள், ஏன் 55 வருகிறது?’ என்று கேட்கும் முன் மட்டும் இதை யோசியுங்கள்.

அப்புறம் சரக்கிருப்பு. பேலன்ஸ் ஷீட்டில் ஒற்றை வரி, ஆனால் குறிப்புகளில் மூலப்பொருள், பாதி முடிந்த வேலை, முடிந்த பொருள் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் திறக்காமல் சரக்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மூலப்பொருள் கூடியிருந்தால் விலை ஏறும் என்று முன்கூட்டி வாங்கியிருக்கலாம், அல்லது பெரிய ஆர்டர் வந்திருக்கலாம். பாதி முடிந்த வேலை கூடியிருந்தால் தொழிற்சாலைக்குள் எங்கோ அடைப்பு. முடிந்த பொருள் விற்பனையைவிட வேகமாகக் கூடியிருந்தால், செய்ததை வாங்க ஆள் குறைகிறது என்று அர்த்தம். மூன்றில் எனக்குக் கவலை தருவது கடைசியானது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணக்கியல் படித்தவர்கள்கூடச் சில சமயம் தவறவிடுவது. முடிந்த பொருளைக் குவித்தால் லாபம் கூடும். எப்படி? தொழிற்சாலையின் நிலையான செலவு ஆண்டுக்கு 100 என்று வையுங்கள். 100 பொருள் செய்து 100-ம் விற்றால் ஒவ்வொன்றின் மீதும் 1 ஏறும், முழு 100-ம் இந்த ஆண்டின் செலவு. 125 பொருள் செய்து 100 மட்டும் விற்றால் ஒவ்வொன்றின் மீதும் 0.80 ஏறும். விற்ற 100 பொருளுக்கு 80 மட்டும் செலவாகக் கழியும். மீதி 20, கிடங்கில் கிடக்கும் 25 பொருளுக்குள் புகுந்து சொத்தாக பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்துகொள்ளும். யாரும் கூடுதலாக வாங்கவில்லை, விலை ஏறவில்லை, ஆனால் லாபம் 20 கூடிவிட்டது. இதில் மோசடி எதுவும் இல்லை, கணக்கியல் விதிப்படி இப்படித்தான் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு உற்பத்தியைக் குறைத்துக் கிடங்கைக் காலி செய்யும்போது அந்த 20 திரும்பி வந்து லாபத்தைக் கடிக்கும். ஆகவே லாப வீதமும் முடிந்த பொருளின் நாட்களும் சேர்ந்தே ஏறினால், அந்த லாபத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சரக்கை மதிப்பிடும் முறை இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வந்தது முதலில் போவதாக எழுதும் முறையைச் சர்வதேசக் கணக்கியல் தரநிலை அனுமதிப்பதில்லை, அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. விலைவாசி ஏறும் காலத்தில் அந்த முறையில் சரக்கு மதிப்பு குறைவாகவும், சுழற்சி வேகமாகவும் தெரியும்.

சப்ளையர் பாக்கிதான் மூன்றிலும் ஏமாற்றக்கூடியது. நாட்கள் நீண்டால் நிறுவனத்துக்கு நல்லது என்பது பொது விதி. ஆனால் அதிகாரத்தால் நீள்வதும் இயலாமையால் நீள்வதும் கணக்கில் ஒரே மாதிரி தெரியும். பிரிட்டனின் கரில்லியன் கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் சரிந்தது. அது துணை ஒப்பந்தக்காரர்களுக்கு 120 நாள் வரை தவணை வைத்திருந்தது. சீக்கிரம் பணம் வேண்டுமென்றால் வங்கியிடம் கழிவு கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். நிறுவனம் வங்கிக்குப் பிறகு கொடுக்கும். உள்ளபடி பார்த்தால் அது வங்கிக் கடன், ஆனால் கணக்கில் ‘மற்றக் கடனீந்தோர்’ என்ற தலைப்பில் இருந்தது. படிப்பவர் கண்ணுக்குக் கடனும் குறைவாகத் தெரிந்தது, செயல்பாட்டு ரொக்கமும் நன்றாகத் தெரிந்தது. 2024-இல் இருந்து சர்வதேசத் தரநிலைகள் இத்தகைய ஏற்பாடுகளின் தொகையைக் குறிப்புகளில் தனியாகச் சொல்லும்படி கேட்கின்றன. அந்தத் தொகையைத் தேடி எடுத்து நிதிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் நாட்களைக் கணக்கிட வேண்டும். இதன் மறுபக்கமாக, வாடிக்கையாளர் பாக்கியை வங்கிக்கு விற்று வசூல் நாட்களைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. விற்ற தொகையும் குறிப்புகளில்தான் கிடக்கும். அதைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

ரொக்கச் சுழற்சி எதிர்மறையாகவே இருக்கும் நிறுவனங்களும் உண்டு. 1990-களின் இறுதியில் டெல் கணினி நிறுவனம் ஆர்டர் வந்த பிறகே பாகங்களைப் பொருத்திக் கணினியைத் தயாரித்தது, அதனால் சரக்கு சில நாட்களுக்கு மட்டும். வாடிக்கையாளர் பணம் கையில் வந்த பிறகுதான் சப்ளையருக்குக் கொடுத்தது. அமேசானும் சில்லறை விற்பனையில் நீண்ட காலம் இப்படித்தான் வளர்ந்தது: வளர வளர, சப்ளையர் பணமே தொழிலை ஓட்டியது. இது உண்மையான திறமை. ஆனால் இந்த இயந்திரம் பின்பக்கமாகவும் சுழலும். விற்பனை குறைந்தால் புதிய பாக்கி சேராது, பழைய பாக்கிக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும், ரொக்கம் வேகமாக வெளியேறும். எதிர்மறை நடைமுறை மூலதனம் உள்ள நிறுவனத்தில் கையிருப்பு ரொக்கம் எவ்வளவு என்று பார்ப்பதும் அதனால் முக்கியம். அதில் ஒரு பகுதி உண்மையில் சப்ளையருடையது.

நிலைச் சொத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய இயந்திரங்கள் தேய்மானத்தில் கரைந்து ஏட்டில் சிறு தொகையாக நிற்கும்; அதனால் மூலதனச் சுழற்சி பிரமாதமாகத் தெரியும். புதிதாக ஆலை கட்டிய போட்டி நிறுவனம் மந்தமாகத் தெரியும். இதுவரை கழித்த மொத்தத் தேய்மானத்தை வாங்கிய விலையால் வகுத்தால் சொத்தின் வயது தெரிந்துவிடும். 80 சதவீதம் தேய்ந்த ஆலை என்றால் அந்தத் திறமை கடன் வாங்கிய திறமை, சீக்கிரம் புது இயந்திரம் வாங்க வேண்டி வரும். குத்தகைக்கு எடுத்த சொத்துகள் 2019-இல் இருந்து சர்வதேசத் தரநிலைப்படி பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்துவிட்டன, ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிட்டால் திறமை திடீரென்று குறைந்த மாதிரி தெரியும். இன்னொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கியதில் வந்த நற்பெயர்த் தொகை (குட்வில், அதாவது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) இருந்தால் இரண்டு முறை கணக்கிடுங்கள். அதை விட்டுவிட்டுப் போட்டால் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். சேர்த்துப் போட்டால் நிர்வாகம் பங்குதாரர் பணத்தை எப்படிச் செலவழித்தது என்று தெரியும்.

ஒப்பிடுவது யாரோடு என்பதும் தீர்ப்பை மாற்றும். கப்பல் கட்டும் நிறுவனத்தின் சரக்கு நாட்களைப் பால் நிறுவனத்தோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது. அதே தொழில், அதே ஆண்டு முடிவுத் தேதி உள்ள இரண்டு மூன்று நிறுவனங்களை எடுங்கள். பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறும் தொழிலில் பல நிறுவனங்கள் சரக்கு குறைவாக இருக்கும் மாதத்தில்தான் ஆண்டை முடிக்கும். நான்கு காலாண்டு முடிவுகளின் சராசரியை எடுத்தால் உண்மைக்குக் கிட்டத்தில் வரலாம். என்னைக் கேட்டால், எல்லா ஒப்பீட்டிலும் நம்பகமானது அதே நிறுவனத்தின் ஐந்து ஆண்டு வரிசைதான்.

மீண்டும் நம் பாகங்கள் செய்யும் நிறுவனத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டறிக்கை என் மேசைக்கு வந்தால் மிகையான 60-இல்தான் தொடங்குவேன். பாக்கிகளின் வயதுப் பட்டியல் குறிப்புகளில் இருக்கும். 90 நாளைத் தாண்டியவை எவ்வளவு, அவற்றுக்கு வைத்திருக்கும் ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்று ஒதுக்கிவைக்கும் தொகை) பாக்கியோடு சேர்ந்து ஏறியதா, இல்லை பழைய தொகையிலேயே நிற்கிறதா? ஒரே வாடிக்கையாளரிடம் பெரும்பகுதி நிற்கிறதா? அடுத்து மிகையான 42: முடிந்த பொருளா, மூலப்பொருளா? கடைசியாக, ரொக்கம் இவ்வளவு இறுக்கமான ஆண்டில் சப்ளையர் நாட்கள் ஏன் 55-இல் இருந்து 50 ஆகக் குறைந்தன? பணம் தட்டுப்படும் நிறுவனம் வழக்கமாகச் சப்ளையரை இழுத்தடிக்கும். இங்கே அதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. தள்ளுபடிக்காக முன்கூட்டிக் கொடுத்திருந்தால் மொத்த லாப வீதம் (விற்பனையில் அடக்கவிலை போக மிஞ்சும் பங்கு) கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். அது இரண்டு ஆண்டும் 30 சதவீதத்திலேயே நிற்கிறது. மிச்சமிருக்கும் ஒரு சாத்தியம், சப்ளையர்கள் தாமாகவே தவணையைக் குறைத்துவிட்டார்கள் என்பது. தினமும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஆண்டறிக்கை வரும் முன்பே பல விஷயம் தெரிந்திருக்கும். நிர்வாகத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நான் கேட்பது அந்த 5 நாளைப் பற்றித்தான்.